உரித்த கதவு

எடை குறைத்த வண்டி என்று யாராவது பெருமையாகக் காட்டினால் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டேன். நேராகப் போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். பின்சீட்டைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும். கார்பெட்டை யாரும் பிடுங்கலாம். ஃபைபர் பானெட் காசு கொடுத்தால் கிடைக்கும். கதவு அப்படியல்ல. அது கீலில் தொங்க வேண்டும், லாக்கில் போய் விழ வேண்டும், மழையை வெளியே நிறுத்த வேண்டும், நேர் பாதையில் முழு வேகத்தில் போகும்போது மேல் ஃப்ரேம் காற்றுக்குப் பிதுங்காமல் நிற்க வேண்டும். வயிற்றிலிருந்து பாதியை எடுத்த பிறகும் இத்தனையும் நடக்க வேண்டும். உரித்தவருக்கு வேலை தெரியுமா, கழற்ற மட்டும்தான் தெரியுமா என்பது மூடும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த கதவுகள் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் உருவானவை. பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பதால் மேஸ்திரி என்றே வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ரேஸ் டிராக்குகளில் மாருதி எஸ்டீம்கள் கூட்டமாக ஓடிய காலத்தில் அவர் கை பட்ட கதவுகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். வெளியே ஒரு நசுங்கல் இருக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் தகடு எங்கே முடிகிறது, காலி இடம் எங்கே தொடங்குகிறது என்பதே கண்ணில் உறுத்தாது.

பேடு, அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட், வைண்டிங் மெஷின், கண்ணாடி, ரன் சேனல், பீடிங் வரை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். பெரிய லாபமும் அங்கேதான். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. அதே இடத்தில் 3 மி.மீ. பாலிகார்பனேட் போட்டால் மூன்றரைக் கிலோ சொச்சம். இதைத் தாண்டி ஒரு கணக்கும் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் மேஸ்திரியின் வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பமாகும்.

முதலில் தார் ஷீட். வெளித்தகட்டின் உள்பக்கம் அதிர்வு அடங்குவதற்காகக் கம்பெனியில் ஒட்டிவிடும் அந்தக் கறுப்புப் பட்டையை ஹீட் கன் காட்டி உருக்கிச் சுரண்டுபவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சூடு பட்டால் 0.7 மி.மீ. தகடு அலை அலையாக எழும்பிக்கொள்ளும், அப்புறம் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். “தார எடுத்துட்டுப் பட்டியப் பூசறதுக்கு தாரே இருந்துட்டுப் போகட்டுமுங்க” என்பார். டிரை ஐஸ் வாங்கி வந்து பத்து நிமிஷம் பரப்பி வைப்பார். தார் விறைத்ததும் மரச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. சில்லுச் சில்லாக உதிரும். கீழே விழுந்ததை முறத்தில் அள்ளித் தராசில் போட்டுக் காட்டுவார். வண்டிக்காரருக்கு அது ஒரு வேடிக்கை.

அடுத்தது உள்தகடு. சாக்பீஸ் எடுத்துக் கோடு போடுவதற்கு முன் கதவை ஸ்டாண்டில் நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கீல் மாட்டும் முன் விளிம்பு, லாக் உட்காரும் பின் விளிம்பு, கண்ணாடி எட்டிப் பார்க்கும் இடுப்புப் பட்டி, அடியில் வெளித்தகடு மடிந்து உள்தகட்டைக் கவ்வும் மடிப்பு. இந்த நான்கையும் தொட மாட்டார். இவற்றுக்கு நடுவில் இருப்பதுதான் அவருக்கு விளையாட்டு மைதானம். வெட்டும் மூலைகள் எல்லாம் வளைவாகத்தான் இருக்கும். சதுர மூலையில் விரிசல் எப்போது வரும் என்பதுதான் கேள்வியே தவிர, வருமா என்பது கேள்வியல்ல. வெட்டிய பிறகு அந்த ஓரத்தை அப்படியே விடாமல் சுற்றிலும் டாலி வைத்துத் தட்டி உள்பக்கமாகச் சின்ன மடிப்பாக எழுப்புவார். மெல்லிய தகட்டுக்கு விறைப்பு வருவதே அந்த மடிப்பில்தான். மடிப்பில்லாமல் வெட்டிய கதவை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் முறுக்கிக்கொள்ளும். இவருடையது முறுக்காது. கை கிழியாது என்பது உபரி லாபம்.

அடியில் இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டைகளை மறக்காமல் திறந்து விடுவதையும் சொல்ல வேண்டும். நவம்பரில் இருங்காட்டுக்கோட்டை மழையில் ஓடிய வண்டியின் கதவுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டிருக்கிறேன். எடுத்த எடை முழுவதும் தண்ணீராகத் திரும்பி வந்திருந்தது.

கதவைக் கழற்றி எடை குறைத்து மாட்டுபவர்களில் பலர் கோட்டை விடுவது லாக் போய்க் கவ்வும் ஸ்ட்ரைக்கரில். இருபது கிலோவுக்கு மேல் தொங்கிப் பழகிய கீல், பாதி எடை போனதும் ஒரு நூல் மேலே எழும்பும். பழைய வண்டி, பின் தேய்ந்த கீல் என்றால் இன்னும் அதிகமாகவே தெரியும். அப்போது லாக் பழைய இடத்தில் போய் உட்காராது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? லாக்கின் வாயை அரம் போட்டு ராவிவிடுவார்கள். மேஸ்திரி கீலுக்குப் புதுப் பின் போட்டு, ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தித் தூக்கி வைத்து, நடுவில் கார்பன் பேப்பர் வைத்து மூடிப் பார்ப்பார். தடம் நடுவில் விழும்வரை விட மாட்டார். பேடு இல்லாத கதவு டப்பா மாதிரிதான் சத்தம் போடும் என்பார்கள். அந்த டப்பா சத்தத்திலும் முதலில் ஒரு ‘டக்’, பிறகு அமைதி என்று வர வேண்டும். கடகடவென்று உள்ளே ஏதோ ஆடிக்கொண்டிருந்தால் லாக்கிலிருந்து வரும் கம்பிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர் அந்தக் கம்பியை எடுத்துவிடுவார். வெளிக் கைப்பிடி இருக்கும், ஏனென்றால் விபத்து நடந்தால் ஓடி வரும் மார்ஷல் வெளியிலிருந்துதான் திறப்பார். உள்ளே கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். எப்படியும் கழற்றிப் போட்ட பின்சீட் பெல்ட்டிலிருந்து ஒரு சாண் வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் கருக்கி, பட்டறைக்கு எதிரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு லாக் கையோடு இணைத்துவிடுவார். எங்கே தொங்க வேண்டும் என்பதை வண்டிக்காரரைச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கிப் பூட்டி, ஹெல்மெட் போட்ட நிலையில் கை எட்டும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்வார். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. சாதாரணமாக உட்கார்ந்து கை எட்டுகிறது என்று மாட்டிவிடுகிறார்கள்.

வார் என்றதும் ரசிகர்களுக்கு 1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் ஞாபகம் வரும். எனக்கும் வரும். 1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் ஷோவில் அது வந்தபோது ரேஸ் அனுமதிக்கு 500 வண்டி விற்றாக வேண்டும். விற்குமா என்ற கவலை போய் 1,580 வண்டிகள் செய்தார்கள். அதன் லைட்வெயிட் வகையில் மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பை வைக்க இடமில்லாத தட்டையான கதவுப் பேடு, லாக்கைத் திறக்க ஒரு வார். எடை 960 கிலோ. இதன் படத்தை மேஸ்திரிக்கு போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “திறக்கறதுக்கு வாரு சரிங்க தம்பி. இழுத்து மூடறதுக்கு என்ன இருக்குது?” அதற்குத் தனியாக ஒரு சின்னக் கைப்பிடி உண்டு என்று பெரிதாக்கிக் காட்டினேன். “அப்ப சரி, வேல தெரிஞ்சவன்தான்” என்றார். வாரையே பிடித்து இழுத்து மூடினால் லாக் கை வளைந்துவிடும். இன்று ஆர்எஸ் மாதிரி வேண்டும் என்று வார் மட்டும் வாங்கி மாட்டுபவர்கள் இந்த இரண்டாவது கைப்பிடியைக் கவனித்ததே கிடையாது.

அந்த ஆர்எஸ்ஸில் எனக்கு உள்ள ஆற்றாமை வேறு. 1,580-இல் லைட்வெயிட்டாக வாங்கியவர்கள் 200 பேர்தான். பெரும்பாலோர் டூரிங் வகையைக் கேட்டு வாங்கினார்கள். 1,075 கிலோ. இன்ஜினியர்கள் கிராம் கிராமாக எடுத்ததை வாடிக்கையாளர் காசு கொடுத்துக் கிலோ கிலோவாகத் திரும்ப ஏற்றிக்கொண்டார். இதைவிட மோசம் பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல்லுக்கு நடந்தது. அலுமினியக் கதவு, அலுமினிய பானெட், பக்கவாட்டில் பெர்ஸ்பெக்ஸ் என்று பார்த்துப் பார்த்து இளைக்க வைத்த வண்டி. அதன் 500 ரைட் ஹேண்ட் டிரைவ் வண்டிகள் பிரிட்டனுக்குப் போகும்போது ‘சிட்டி பேக்கேஜ்’ என்ற பெயரில் பவர் விண்டோ முதல் எல்லாம் உள்ளே திரும்பி வந்துவிட்டன. அலுமினியக் கதவுக்குள் மோட்டார்! பத்தியம் இருந்தவனுக்குப் பந்தியில் இடம் போட்ட கதை.

என் நண்பர் ஒருவருக்கு ஆல்ஃபா ரோமியோ ஜிடிஏதான் தெய்வம். 1965-இல் வந்தது, வெளித்தகடு முழுக்க அலுமினியக் கலவை. கதவை உரிப்பதே ஏழையின் வேலை, உலோகத்தை மாற்றுவதுதான் கலை என்பது அவர் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. இரும்பு 7.85 அடர்த்தி, அலுமினியம் 2.7 என்று அவர் வாய்ப்பாடு ஒப்பிப்பதிலும் தப்பில்லை. ஆனால் அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டும். மேஸ்திரியிடம் இருந்தது ஒரு டாலியும் சுத்தியலும், ஏற்கெனவே இருக்கும் ஒரு கதவும். இருப்பதிலிருந்து எடுப்பவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். புதிதாக வார்ப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜிடிஏவை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேறு கலை, அவ்வளவுதான்.

இன்னொரு கட்சியும் உண்டு. கதவு வண்டியின் நடுவில், முன்பின் சக்கரங்களுக்கு இடையில் இருக்கிறது. அங்கே எடுக்கும் எடையால் வண்டி திரும்புவதில் பெரிய மாற்றம் வராது, ஆகவே கூரையிலும் இரண்டு நுனிகளிலும் எடு என்பார்கள். பௌதிகம் அவர்கள் பக்கம்தான். 2003-இல் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல்லின் கார்பன் கூரையில் குறைந்தது 6 கிலோதான், அது உச்சியில் குறைந்ததால் உடம்பு சாய்வதில் தெரிந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவிலும் கண்ணாடி இருப்பது மேல் பாதியில்தானே? மேலும் எஸ்டீம் கூரையை நீங்கள் எதைக் கொண்டு மாற்றப் போகிறீர்கள்? சரளைப் பாதையில் பிரேக் போடும்போதும், கியர் மாற்றி வேகம் பிடிக்கும்போதும் அந்தக் கிலோ நடுவில் இருந்ததா ஓரத்தில் இருந்ததா என்று டயர் கேட்பதில்லை.

ஓட்டை போடுபவர்களை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஹோல் சா வாங்கியவன் கை சும்மா இருக்காது. உள்தகடு முழுக்க வரிசை வரிசையாக வட்டம். பார்க்க விமானத்தின் உள்பாகம் மாதிரி இருக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். 0.7 மி.மீ. தகட்டில் 50 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் குறைவது 11 கிராம்கூட இல்லை. பத்து ஓட்டைக்கு நூறு கிராம் சொச்சம். காபி குடிக்காமல் வண்டி ஏறினாலே அந்த எடை குறைந்துவிடும். விளிம்பு மடிக்காத பத்து ஓட்டைகள், பத்து விரிசலுக்கு விதை.

பாலிகார்பனேட்டுக்கு வருகிறேன். மேஸ்திரியைப் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. போர்டு எழுதும் கடையில் கிடைக்கும் அக்ரிலிக்கை வெட்டி மாட்டும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. விலை குறைவு, கீறலும் சீக்கிரம் விழாது. ஆனால் மோதினால் கத்தி கத்தியாக உடையும், அதுவும் ஓட்டுபவரின் கழுத்துக்கு நேராக. பாலிகார்பனேட் வளையுமே தவிர அப்படி உடையாது. அதை மாட்டுவதில்தான் கை தெரிய வேண்டும். வெயில் பட்டால் அது இரும்பைவிடப் பல மடங்கு விரியும். 700 மி.மீ. நீள ஷீட், பட்டறையின் காலைக் குளிர்ச்சியிலிருந்து டிராக்கின் மதிய வெயிலுக்கு 40 டிகிரி ஏறினால் ஃப்ரேமைவிட ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. கூடுதலாக நீளும். ரிவெட்டுக்குச் சரியான அளவில் ஓட்டை போட்டு இறுக்கியிருந்தால் அந்த ஒன்றரை மி.மீ. எங்கே போகும்? நடுவில் தொப்பை விழும், அல்லது ஓட்டையிலிருந்து வெடிக்கும். மேஸ்திரி ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, பின்னால் ரப்பர் வாஷர் கொடுத்து, மேலே அகலத் தலை ரிவெட் அடிப்பார். ஷீட் உள்ளே நகர்ந்துகொள்ளும். அப்படி மாட்டிய ஷீட் கதவின் மேல் ஃப்ரேமையும் பிடித்து நிறுத்தும், காற்றுக்கு வெளியே இழுபடாது. இத்தனையும் செய்த ஜன்னலை ஒரு பையன் தின்னர் துணியால் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை ஷீட் முழுக்க சிலந்தி வலை.

கதவுக்குள் கிடக்கும் குறுக்குக் கம்பியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பக்கவாட்டு மோதலுக்காக அமெரிக்காவில் கதவின் பலத்துக்கு 1973 ஜனவரியிலிருந்து சட்டம் வந்தது. ஆர்எஸ் தன் கதவுகளை இளைக்க வைத்த அதே சமயம். நம் ஊரில் பக்கவாட்டு மோதல் சோதனை புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், மற்றவற்றுக்கு 2019-இலும்தான் கட்டாயமானது. அந்தக் கம்பியை எடுக்கலாமா என்று கேட்டால் மேஸ்திரி வண்டிக்குள் தலையை விட்டு ரோல் கேஜைப் பார்ப்பார். கதவுப் பக்கம் இரண்டு பைப் குறுக்காக வந்து, அவை கதவின் காலியான வயிற்றுக்குள் பிதுங்கி நின்றால், அதாவது ஓட்டுபவருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் இடம் கொடுத்து நின்றால், யோசிப்பார். இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. “கம்பிய எடுத்தா மூணு கிலோ கொறையும், ஆளு போனா அறுவது கிலோ கொறையுமுங்க” என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எஃப்ஐஏவின் குரூப் ஏ விதிகளும் ஏறக்குறைய இந்தப் புத்தியைத்தான் சட்டமாக எழுதிவைத்திருக்கின்றன. சத்தத்தடுப்பை எடுத்துக்கொள், மின்சார மெஷினுக்குப் பதில் கையால் சுற்றுவதைப் போட்டுக்கொள், பேடுக்குப் பதில் 0.5 மி.மீ. உலோகத் தகடோ 1 மி.மீ. கார்பனோ மாட்டிக்கொள், ஆனால் கதவின் கட்டமைப்பை நினைத்தபடி கை வைக்காதே. தெருவில் ஓட்டும் வண்டிக்கு இதில் எதையும் நான் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, அதைவிடப் பெரிதாக எதிரே வரும் லாரி இருக்கிறது.

இப்போதைய கதவுகள் உரிக்கத் தோதானவையும் அல்ல. ஸ்பீக்கர், மோட்டார், கண்ணாடியை மடக்க இன்னொரு மோட்டார், விளக்கு, வயர் கட்டு. பல புது வண்டிகளில் கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதை வைத்தே பக்கவாட்டு ஏர்பேக் வெடிக்கிறது. அந்தக் கதவின் உள்தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டினால் சென்சாருக்கு மோதலே தெரியாமல் போகலாம். எதையாவது கழற்றிவிட்டால் டாஷ்போர்டு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக எரியும். இதனாலேயே, டிராக் வண்டி செய்யும் இளைஞர்கள் ரெடிமேட் கார்பன் கதவுக்குப் போய்விடுகிறார்கள். அதில் என் மனக்குறை எடையில் இல்லை. அந்தக் கதவுகளில் பல, ஃப்ரேமோடு பொருந்துவதே இல்லை. முன்னால் ஒரு விரல் இடைவெளி, பின்னால் அரை விரல். பானெட் பின் வைத்துக் கட்டிவிட்டு ரேஸ் வண்டி என்கிறார்கள்.

வாரின் கதை இன்னும் வேடிக்கை. பவர் விண்டோ, எட்டு ஸ்பீக்கர், தோல் மெத்தை எல்லாம் அப்படியே இருக்கும் கதவில் சிவப்புத் துணி வார் மட்டும் ஒன்று தொங்கும். அதற்கு ஆன்லைனில் ஒரு விலை. கைப்பிடிக்குப் பதில் வர வேண்டிய வார், கைப்பிடியும் இருக்கிறது.

மேஸ்திரியிடம் இப்போது கதவு வேலை அதிகம் வருவதில்லை. போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். எங்கோ உரித்துக்கொண்டு வந்த கதவு, உள்தகட்டில் பாதி இல்லை. அதில் ஸ்பீக்கர் வைக்க வேண்டும், டிராக்குக்கு ஓட்டிப் போகும் வழியில் பாட்டு வேண்டுமாம். மேஸ்திரி டேப் வைத்து நிதானமாக அளந்தார். “வெச்சுத் தரலாமுங்க. ஸ்பீக்கர் நிக்கோணும்னா பேடு வேணும். பேடு நிக்கோணும்னா கிளிப்பு வேணும். கிளிப்பு அடிக்கோணும்னா தகடு வேணும், தகட்ட மறுபடி வெச்சு பத்த வெக்கோணும். பாட்டுக் கேக்கோணும்னா சத்தம் அடங்க தாரும் ஒட்டோணும்.” டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “அதுக்கு உக்கடத்துல பழைய கதவு ஒண்ணு வாங்கிக்கிட்டா சல்லிசா முடிஞ்சுருமுங்க.”